பெட்டியில் போட்ட 2000

கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருத்தர் போன மாசம் இரண்டு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி பெட்டிகளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். "அண்ணா, ஒண்ணுல 1050 போட்டிருக்கு, இன்னொண்ணுல 2000. காசு பரவால்ல, வேகமானதையே எடுத்துடவா?"

பதில் சொல்வதற்கு முன் இந்த டிரைவ்களைப் பற்றிய விமர்சன வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். பார்த்தவரை எல்லாம் ஒரே அச்சு. டிரைவைச் செருகு, வேகச் சோதனையை ஓட்டு, முள் 2000 கிட்டப் போனதும் "வேற லெவல்" சொல்லு, முடிந்தது. அந்தச் சோதனையைக் கொஞ்சம் கவனியுங்க. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக 1 ஜிபி கோப்பை வைத்துத்தான் அளக்கும். பிளாக்மேஜிக் சோதனையில் அதிகபட்சம் 5 ஜிபி. நம்ம தம்பி ஒரு முகூர்த்தத்துக்குப் போய்வந்தால் 4000 ரா கோப்புகள், ஒன்று 30 எம்பி என்று வைத்தாலே 120 ஜிபி.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் நினைவுச் செல்களின் ஒரு பகுதி தற்காலிகமாக செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதி வேகம் காட்டும். வரவேற்பறை மாதிரி. அது நிரம்பினதும் ஒரே செல்லில் மூன்று பிட் (டிஎல்சி) அல்லது நான்கு பிட் (கியூஎல்சி) திணிக்க வேண்டிவரும், வேகம் சரியும். மலிவான கியூஎல்சி சில சமயம் பழைய ஹார்ட் டிஸ்க்கை விடவும் கீழே இறங்கிவிடும். 5 ஜிபி சோதனை வரவேற்பறையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கே மதிப்பெண் போடுகிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால், மண்டபத்தில் இந்தச் சரிவுகூடத் தம்பிக்குப் பெரிதாகத் தெரியாது. ஏன்னா படம் வருவது மெமரி கார்டிலிருந்து. யுஎச்எஸ்-1 எஸ்டி கார்டின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. 90 கிடைத்தாலும் அந்த 120 ஜிபி இறங்க 22 நிமிஷம். யுஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்து 250 கிடைத்தால் 8 நிமிஷம். இந்தப் பக்கம் 1050 டிரைவ் இருந்தாலும் 2000 டிரைவ் இருந்தாலும் அதே 8 நிமிஷம்தான்! 950 ரூபாய் வித்தியாசமோ 4000 ரூபாய் வித்தியாசமோ, அந்தக் காசை நல்ல கார்டு ரீடரில் போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது போர்ட். 2000 என்று போட்ட டிரைவ்கள் பல யுஎஸ்பி 3.2 ஜென் 2×2 வகை, நொடிக்கு 20 கிகாபிட். பெரும்பாலான மேக்புக்குகளில் அந்த வகை இல்லை. செருகினால் 10 கிகாபிட்டுக்கு இறங்கி, அதே 1000 சொச்சம்தான் வரும். விண்டோஸ் லேப்டாப்களிலும் இது அபூர்வம். கேபிள் விஷயம் இன்னும் மோசம். போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிளைப் போட்டால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 2தான், 40 எம்பி தாண்டாது. "டிரைவ் ஸ்லோண்ணா" என்று வந்த புகார்களில் பாதி எனக்குக் கேபிளிலேயே முடிந்திருக்கிறது.

லைட்ரூமில் படம் திறக்கக் காத்திருப்பதும் அதிகமும் புராசசர் சமாசாரம்தான். கேட்டலாகையும் பிரிவ்யூக்களையும் லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியில் வையுங்க, போதும்.

எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது இன்னொன்று. 2023-ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையில் சில டிரைவ்கள் திடீரென்று படுத்துவிடுவதாகப் புகார்கள் எழுந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. வேகச் சோதனையில் நல்ல மார்க் வாங்கிய டிரைவ்கள்தான் அவை. நாள்பட உழைக்குமா என்பதை ஒரு மணிநேரச் சோதனை சொல்லாது.

இதே தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி டிரைவில் அது நடந்தது. ஒரு வளைகாப்பு. ராத்திரியே காப்பி பண்ணிவிட்டு, காலையில் அடுத்த வேலை இருக்கே என்று கார்டை ஃபார்மட் அடித்துவிட்டார். மறுநாள் லேப்டாப்பில் டிரைவே தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் தட்டைக் கழற்றி ஏதாவது தேற்றலாம். எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் செத்து, அது தரவை என்கிரிப்ட் செய்தும் வைத்திருந்தால், மீட்புக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். விரித்தார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்தத் தெருப் பக்கம் அவர் இன்னும் போவதில்லை.

அதனால் நான் எழுதின பதில் இதுதான்: 2000 வேண்டாம். 1050 போட்ட டிஎல்சி டிரைவ் 1 டிபியில் இரண்டு, முடிந்தால் வேறு வேறு கம்பெனி. ஒரே ராத்திரியில் இரண்டிலும் ஏற்று. இரண்டிலிருந்தும் பத்துப் படமாவது திறந்து பார்க்காமல் கார்டைத் தொடாதே. ஆல்பம் கொடுத்து முடித்ததும் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று. எஸ்எஸ்டியை அலமாரியில் வருஷக்கணக்கில் போட்டுவைக்காதே: முழுக்கத் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருஷம் தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் ஜெடெக் வைத்திருக்கும் அளவுகோல். புதுசு அதைவிட நீண்ட நாள் தாங்கும், ஆனாலும் நம்ம ஊர் மே மாசத்து அலமாரி 30 டிகிரியில் நிற்காது.

"ரெண்டு வாங்கினா பட்ஜெட் தாண்டுதேண்ணா" என்றார். அப்படியானால் இரண்டாவது சாதா ஹார்ட் டிஸ்க்காகவே இருக்கட்டும் என்றேன். கார்டு ரீடருக்கு லிங்க் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.