கொண்டுவந்தவரும் வந்த வழியும்: தொற்றுநோய் பற்றிய நம் கதையாடல்கள்

1

திருநெல்வேலிப் பேச்சில் 'பேதியில போவான்' என்று ஒரு வசவு உண்டு. 'கொள்ளையில போவான்' என்று இன்னொன்று. பெற்ற மகனைச் செல்லமாகத் திட்டுகிற தாயும் சொல்வாள், வரப்புத் தகராறில் எதிராளியும் சொல்வான். இங்கே பேதி என்றால் வாந்திபேதி, காலரா. கொள்ளை என்றால் கொள்ளைநோய். ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன நோய்கள் ஓய்ந்த பிறகும் அவற்றின் பெயர்கள் நம் வாயில் தங்கிவிட்டன. நோய் என்பது ஒருத்தன் மேல் ஏவிவிடக்கூடியது, அவன் பேருக்கு எழுதி வைக்கப்பட்டது என்கிற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது.

இதைப் பாமரரின் அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. படித்தவர்களின் கதையாடலும் இதே தடத்தில்தான் ஓடியிருக்கிறது. லண்டனில் ஜான் ஸ்நோ 1854இல் ஒரு தெருக்குழாயின் தண்ணீரைச் சுட்டிக்காட்டி, காலரா இந்த வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடோ இந்துக்களின் யாத்திரைகளையும் முஸ்லிம்களின் ஹஜ் பயணத்தையும் பரவலின் பெருங்காரணங்களாகக் குறித்துவைத்தது. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவின் குளத்துத் தண்ணீரில் கிருமியைக் கண்டு சொன்ன பின்னும், பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரிகள் அதை ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. தண்ணீர்தான் வழி என்று ஒத்துக்கொண்டால் குழாய் போட வேண்டும், சாக்கடை கட்ட வேண்டும். யாத்ரீகன்தான் காரணம் என்றால் அவனைத் தடுத்து நிறுத்தினால் போதும்.

ஆக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 'யார் கொண்டுவந்தது?' என்பது ஒன்று. 'எந்த வழியாக வந்தது?' என்பது மற்றது. முதலாவது ஓர் உடலைத் தேடுகிறது. இரண்டாவது தண்ணீரை, காற்றை, கொசுவை, கூலியைத் தேடுகிறது. நோய்த்தடுப்பு என்று நடந்து ஜெயித்ததெல்லாம் இரண்டாவது கேள்வியால்தான் ஜெயித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அரசும் பத்திரிகையும், சமயத்தில் நாமும், முதல் கேள்விக்கே திரும்பி ஓடுகிறோம்.

2

எங்கள் பேட்டையில் கொசுப்புழு பார்க்க வருகிற பிள்ளைகள் உண்டு. தினக்கூலிக்காரர்கள். கையில் டார்ச் லைட்டு, அபேட் மருந்து பாட்டில். ஒருநாள் பீடி சுற்றுகிற ஆச்சி ஒருத்தியின் வாசலில் கேட்ட பேச்சு இது:

"வாரத்துக்கு ஒருக்கா டிரம்மக் கவுத்திப் போட்டுத் தேய்க்கணும் ஆச்சி."

"தேய்க்கேன். கொட்டுன தண்ணிக்கு யாரு வழி சொல்லுவா? அடுத்தாப்ல என்னைக்குத் தண்ணி வரும்னு சொல்லு, இப்பமே கவுத்துதேன்."

"எனக்கு என்னாச்சி தெரியும்? எங்க வீட்லயும் டிரம்முதான்."

இருவர் சொன்னதும் சரி. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பிடித்து வைத்திருக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. நம்மூர் வெக்கையில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளை தேய்க்கச் சொல்கிறாள். ஆனால் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நிச்சயமில்லாமல் தண்ணீர் வருகிற தெருவில் எவள் டிரம்மைக் கவிழ்ப்பாள்? வற்றாத ஜீவநதி என்று நாம் பாடுகிற தாமிரபரணியின் கரையில் வாழ்க்கை டிரம்மில்தான் அடைபட்டிருக்கிறது. கொசுவின் நாட்கணக்கும் குழாயின் நாட்கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகிற இடத்தில் நோய் வந்து உட்காருகிறது.

2012இல் கடையநல்லூரில் நடந்ததை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அன்று அது நெல்லை மாவட்டம், 2019இலிருந்து தென்காசி மாவட்டம். வீட்டுக்கு வீடு காய்ச்சல், அடுத்தடுத்துச் சாவுகள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. அந்தக் கோடையிலும் அதற்குப் பின்னும் வந்த பிரச்சாரங்களின் மொழியைக் கவனித்துப் பாருங்கள். 'உங்கள் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.' வீடுதான் குற்றவாளி, வீட்டுக்காரிதான் பொறுப்பாளி. புழு இருந்த வீட்டுக்குப் பல ஊர்களில் அபராதமும் உண்டு. வராத தண்ணீருக்கு எந்த அபராதமும் கிடையாது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. வெகுதூரம் பறக்காது, சில நூறு அடிகளுக்குள்ளேயே சுற்றும். பகலெல்லாம் வாசல் நடையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள் பெண்கள். பக்கத்தில் விளையாடுவது அவர்கள் பிள்ளைகள். கொசுவலை ராத்திரிக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல் கண்ட முதல் ஐந்தாறு நாட்கள் நோயாளியைப் பகலிலேயே வலைக்குள் படுக்க வைத்தால், கொசு அவரிடமிருந்து கிருமியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகாது. இவ்வளவு எளிமையான காரியம் ஊருக்குள் எட்டவில்லை. நிலவேம்புக் குடிநீர் எட்டியது. அரசு அண்டா வைத்து ஊற்றியது. தமிழ் மருத்துவம் என்று நம் தோழர்களும் வரிசையில் நின்று ஊற்றினார்கள். அதைக் குடிப்பதால் டிரம்முக்குள் புழு வளர்வது நிற்காது. குழாய் போடுவதைவிடக் கஷாயம் ஊற்றுவது மலிவு என்கிற கணக்கை அன்று நாம் யாரும் கேட்கவில்லை.

3

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலப்பாளையம். 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுதீன் தப்லீக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களில் சிலருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் மேலப்பாளையத்தின் வழிகள் அடைக்கப்பட்டன. தொற்று கண்ட பகுதியை அடைப்பது நோய்த்தடுப்பு முறைகளில் ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடைக்கப்பட்டது ஒரு பகுதி, குறிவைக்கப்பட்டது ஒரு சமூகம். தொலைக்காட்சிகள் அந்தப் பெயரை நாளெல்லாம் சொல்லின. சில நாட்களில் தமிழக அரசின் அறிக்கைகள் பெயரை விட்டுவிட்டு 'சிங்கிள் சோர்ஸ்' என்று எழுத ஆரம்பித்தன. நல்ல எண்ணத்தில் செய்த மாற்றமாகவே இருக்கட்டும். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்தே இருந்தது. பெயர் போயிற்று, 'யார்' என்கிற கேள்வி போகவில்லை.

அதே ஆண்டு மே மாதம் கோயம்பேடு. மே 5இல் சந்தை மூடப்படுவதற்குள் காய்கறி லாரிகளோடும் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களோடும் கிருமி பல மாவட்டங்களுக்குப் போய்விட்டிருந்தது. அங்கே எவரும் மதம் தேடவில்லை. சந்தையின் நெருக்கடியையும் அதை மூடாமல் விட்டதையும் பற்றிப் பேசினார்கள். அது சரியான பேச்சு. டெல்லிக் கூட்டத்துக்கு அந்தப் பேச்சு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக்குக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று எழுதியது. தீர்ப்பு வருவதற்குள் செய்ய வேண்டிய கெடுதலை அந்தக் கதையாடல் செய்து முடித்துவிட்டது.

இதில் அறம் மட்டும் அல்ல, நோய்த்தடுப்பின் கணக்கும் அடிபடுகிறது. காய்ச்சல் என்று சொன்னால் தெருவே தன்னைக் குற்றவாளியாகப் பார்க்கும் என்றால் எவன் சொல்வான்? மறைப்பான். மறைத்த காய்ச்சல்தான் பரவும். 'யார்' என்று தேடத் தேட 'வழி' கண்ணிலிருந்து மறைகிறது. வழியைப் பற்றிய அறிவும் அப்போது கோணலாகத்தான் இருந்தது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்நோய் காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்தது. பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கிடையில் ஊர்திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பரேலியில் தெருவில் குந்தவைத்துப் பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி கிருமிநாசினி அடித்தார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனம்கூடக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் ஃபூக்கோவைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளைநோயைப் படித்தவர்கள். 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் அவர் இரண்டு மாதிரிகள் காட்டுகிறார். குஷ்டரோகியை ஊருக்கு வெளியே துரத்துவது ஒன்று. பிளேக் வந்த நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணிக் கண்காணிப்பது மற்றது. 1978 சொற்பொழிவுகளில் அம்மைக்குத்தலை மூன்றாவதாகச் சேர்க்கிறார். இதையெல்லாம் படித்துவிட்டு நாம் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நோய்த்தடுப்பு என்றால் அதிகாரம், அதிகாரம் என்றால் எதிர். ஜோர்ஜோ அகம்பென் 2020 பிப்ரவரியில், கொள்ளைநோய் என்பதே புனைந்து உண்டாக்கப்பட்டது என்ற தொனியில் எழுதினார். பிறகு இத்தாலியின் வடக்கில் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்ற வேண்டிவந்தது. அதிகாரத்தைச் சரியாக அடையாளம் கண்ட கோட்பாடு கிருமியைக் காணாமல் விட்டுவிட்டது.

4

காசநோய்க்கு வருவோம். எழுத்தாளர்களாகிய நமக்கு நெருக்கமான நோய். பேட்டையில் இன்று இருக்கும் ம.தி.தா. இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் செத்துப்போனார். வயது 42. அந்தச் சாவை நாம் எத்தனை கூட்டங்களில், எத்தனை மலர்களில் ஆராதித்திருக்கிறோம்! வறுமை, மேதைமை, இருமல் என்று ஒரு படிமம். நோயை உருவகமாக்குவதன் ஆபத்தைப் பற்றி சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய பின்னும் இந்தப் படிமத்தை நாம் கைவிடவில்லை. அதே ஊரில் பீடி சுற்றி இருமுகிறவளுக்கு மலர் கிடையாது. அவள் ஓர் அட்டை, ஒரு எண்.

புதுமைப்பித்தன் போய் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்: ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, குடும்பத்தை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமந்துகொண்டு நிற்கிறது. சென்னை ஆய்வு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான தங்கள் ஏழை வீடுகளிலுமே வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. ஏனென்றால் இருமல் காற்றில் பரப்ப வேண்டியதை, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே பரப்பிவிடுகிறது. மருந்து தொடங்கிய பின் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பதும் மருந்தை நடுவில் விடாமல் இருப்பதும்தான் தடுப்பு. ஆளைத் துரத்துவதில் ஒரு பயனும் இல்லை.

துரத்தவும் வேண்டாம், கட்டம் கட்டிப் பூட்டவும் வேண்டாம், வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார் என்று சொன்ன இந்த மாதிரி நம் சென்னையில் உருவாகி உலகத்துக்குப் போனது. இதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது?

ஆனால் அந்த ஆய்வை வாசித்த விதத்தில் ஒரு பிசகு நேர்ந்தது. சத்துக்குறைவாகச் சாப்பிட்டவர்களும் மாத்திரையால் குணமானார்கள் என்பதை, 'அப்படியானால் சோறு முக்கியமில்லை' என்று நிர்வாகம் தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டது. குணமாக்குவது வேறு, வராமல் தடுப்பது வேறு. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு, நோயாளியின் வீட்டிலிருக்கிற மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு முதலான சத்துணவு கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, சோற்றை மறுபடி மருந்துச்சீட்டில் எழுத.

பீடியும் இந்தக் கதையில் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்களின் சாவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதியளவுக்குப் புகைபிடிப்பதே காரணம் என்று கணக்கிட்டது. பீடி சுற்றுகிறவளின் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது. காய்ச்சலோ இருமலோ, படுத்தால் கூலி கிடையாது. 'ஓய்வெடு, தனியாக இரு' என்கிற அறிவுரை அவள் காதில் என்னவாக விழும்?

5

பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் வேர்விட்ட மண் இது. அம்மையை 'அம்மா வந்திருக்கா' என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாத வழக்கத்தில் ஒரு தனிமைப்படுத்தல் இருந்தது என்பதைச் சரியாகவே எடுத்துக்காட்டினோம். நோயாளியை அதில் யாரும் வெறுக்கவில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் பெரியம்மை வேப்பிலையால் ஒழியவில்லை. யாருக்கு வந்தது என்று அறிந்தவுடன் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு, வழியை அடைத்து, 1975இல் இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். அங்கே 'யார்' என்கிற கேள்வி வழியைக் கண்டுபிடிக்க மட்டுமே பயன்பட்டது. வற்புறுத்திப் போட்ட ஊசிகளும் அந்த வரலாற்றில் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஊசியையே சந்தேகப்படுவது எதிர்ப்பு அரசியல் ஆகாது. அதன் விலையை நம் பிள்ளைகள் கொடுக்க மாட்டார்கள், ஆச்சியின் பேரப்பிள்ளைகள் கொடுப்பார்கள்.

நோய்த்தடுப்பை அரசின் மொழியிலிருந்து பிடுங்கி நம் மொழியில் பேச வேண்டிய நேரம் இது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் என்று சுவரில் எழுதிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அறிவித்த நாளில் வராவிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். விட்டுவிட்டு வருகிற குழாயில் அழுத்தம் குறையும்போது பக்கத்துச் சாக்கடை கசிந்து உள்ளே போகும், பேதி அந்த வழியில் வரும் என்பதைத் தெருக்கூட்டத்தில் சொல்ல வேண்டும். காய்ச்சலில் படுக்கிற பீடித் தொழிலாளிக்குப் படுத்த நாளின் கூலி, காசநோய் வந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு, கொசுப்புழு பார்க்கிற பிள்ளைக்கு நிரந்தர வேலை. இவை சுகாதாரக் கோரிக்கைகளா, தொழிற்சங்கக் கோரிக்கைகளா என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டியதும் இல்லை.

போன வாரம் அந்த ஆச்சி டிரம்மின் வாயில் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். கொசு உள்ளே போகாமல் இருக்க, தண்ணீரும் கொட்டாமல் இருக்க, அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததாம். துணி இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணி என்னைக்கு வரும் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றாள்.