வவுச்சர் எங்கே, சார்?

‘ஆதாரம் இருக்கா?’ என்று கேட்டால் இப்போதெல்லாம் யாரும் விளக்கம் சொல்வதில்லை. லிங்க் அனுப்பிவிடுகிறார்கள். நீல எழுத்தில் ஒரு வரி வந்து விழுந்ததும் எதிராளி கப்சிப். அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்று கேட்காதீர்கள். அனுப்பியவரே திறந்து பார்த்தாரா என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி.

2016-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதைக் கணக்கெடுத்தன. அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இருந்த இடத்தில் பகிரப்பட்ட செய்தி லிங்க்குகளில் 59 சதவிகிதத்தை ஒரு ஆள்கூட க்ளிக் செய்யவில்லையாம். அதாவது பாதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகைகள் கவர் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போயிருக்கின்றன!

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் மனப்பாடம் செய்து இன்னும் மறக்காத ஒரே விஷயம், வவுச்சிங்தான் ஆடிட்டிங்கின் முதுகெலும்பு என்பது. லெட்ஜரில் ‘ஸ்டேஷனரி 450 ரூபாய்’ என்று இருந்தால், ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘வவுச்சர் எங்கே?’

லிங்க் என்பது எழுதுகிறவனின் வவுச்சர். ஆனால், ஒரு வித்தியாசம். கடைக்காரர் கொடுத்த பில் உங்கள் ஃபைலில் இருக்கும். லிங்க் அப்படி இல்லை. ‘பில் கடையிலேயே இருக்கு, போய்ப் பார்த்துக்கோ’ என்கிற துண்டுச்சீட்டு அது. கடையைக் காலி செய்துவிட்டால்?

தமிழில் இதற்கு ‘சுட்டி’ என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு ஒரு சபாஷ். நம் இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். சுட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. பொருள் வேறு எங்கோ இருக்கும். ‘அதோ பார், அது!’ என்று கையை நீட்டுகிறீர்கள். பார்ப்பதற்குள் ‘அது’ கிளம்பிப் போய்விட்டால், நீட்டிய விரல் மட்டும்தான் மிச்சம்.

இப்படித்தான் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. இந்த யோசனையை முதலில் எழுதிய மனிதர் வேறு மாதிரி கனவு கண்டார். பெயர் வானிவர் புஷ். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சிகளுக்குத் தலைமை தாங்கியவர். 1945 ஜூலையில் ‘அட்லாண்டிக்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ‘மெமெக்ஸ்’ என்று ஒரு கற்பனை மேஜை. உள்ளே மைக்ரோஃபிலிமில் புத்தகங்கள். ஒருவர் வில் அம்பு பற்றி ஆராய்கிறார். சிலுவைப் போர்களில் துருக்கிக்காரர்களின் குட்டை வில் இங்கிலாந்தின் நெட்டை வில்லைவிட எப்படி நன்றாக வேலை செய்தது என்பது கேள்வி. படித்த பக்கங்களை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, நடுவே தன் கைப்பட ஒரு குறிப்பும் எழுதிச் சேர்க்கிறார். பிறகு ஒரு நண்பர் கேட்கும்போது அந்தப் பாதை முழுவதையும் படமெடுத்துக் கையில் கொடுக்கிறார்.

கவனியுங்கள். முகவரியைக் கொடுக்கவில்லை. பக்கங்களையே பிரதி எடுத்துக் கொடுக்கிறார், தன் குறிப்போடு சேர்த்து. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்குப் பல வருடம் முன்னால் அவர் கற்பனை செய்த பகிர்தல், இன்று நாம் செய்வதைவிட நாகரிகமாக இருந்தது.

அடுத்து வந்தவர் டெட் நெல்சன். ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற வார்த்தையை 1965-ல் அச்சில் ஏற்றியவர். அவருடைய ‘ஸனாடு’ திட்டத்தில் லிங்க் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் என்னைச் சுட்டினால் எனக்கும் தெரியும். முறிந்துபோகாத லிங்க். பிரமாதமான யோசனைதான். 1960-ல் ஆரம்பித்த அந்தத் திட்டம் ஊர் முழுக்கப் புழங்கும் பொருளாகக் கடைசிவரை ஆகவே இல்லை.

ஜெயித்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. 1989-ல் ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அவர் முன்வைத்த திட்டத்தில் லிங்க் ஒருவழிப் பாதை. யாரையும் கேட்காமல் யாரையும் சுட்டலாம். பதிவு கிடையாது, பர்மிஷன் கிடையாது. சுட்டப்பட்டவருக்கு அது தெரியவேண்டிய அவசியமும் கிடையாது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தால் இணையம் ஒரு தாலுகா ஆபீஸ் ஆகியிருக்கும். 2000-ல் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம், லிங்க் என்ற சமாசாரமே எங்கள் பழைய பேட்டன்ட்டில் வருகிறது, பணம் கட்டு என்று ப்ராடிஜி என்ற அமெரிக்கக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2002-ல் நீதிமன்றம் அதை நிராகரித்தது. நல்லவேளை!

ஆனால், சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அதன் பெயர் 404. கேட்காமல் சுட்டலாம் என்றால், சொல்லாமல் போகலாம் என்றும் அர்த்தம். பெர்னர்ஸ் லீக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 1998-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: முகவரிகள் தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள், இருபது வருடம், இருநூறு வருடம் தாங்கும்படி பெயர் வையுங்கள். நல்ல பிள்ளையாக அந்தக் கட்டுரையை அதே முகவரியிலேயே வைத்திருக்கிறார்கள். உபதேசம் மற்றவர்கள் காதில் ஏறவில்லை. 2024-ல் ப்யூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம் பத்தே வருடத்தில் காணாமல் போய்விட்டன.

‘போகட்டுமே சார், பழைய பேப்பரை எடைக்குப் போடுவதில்லையா?’ என்று கேட்கலாம். போடலாம். ஏனென்றால், நீங்கள் எடைக்குப் போட்டாலும் கன்னிமாரா நூலகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று 1954-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. புத்தகத்துக்குப் பிறகு பத்திரிகைகளும் அதில் சேர்ந்தன. அதை எழுதியபோது இணையப் பக்கம் என்று ஒன்று யார் கனவிலும் இல்லை.

வவுச்சர் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே சாட்சி. வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தை 2011-ல் அந்த நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ தன் தனிக் கருத்தில் அடிக்குறிப்பாக ஒரு லிங்க் கொடுத்திருந்தார். பின்னால் அந்த முகவரி காலாவதியாகிவிட்டது. யாரோ ஒரு குறும்பர் அதைக் காசு கொடுத்து வாங்கி, நீதிபதி மாதிரி இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டாமல் விட்டதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்ற தினுசில் நக்கலாக எழுதிவைத்தார். சிரித்தாயிற்றா? இப்போது 2014-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வைப் பாருங்கள். அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள லிங்க்குகளில் பாதி, முதலில் காட்டிய விஷயத்தை இப்போது காட்டுவதில்லை. நாளைக்கு ஒரு வக்கீல் அந்தத் தீர்ப்பை வைத்து வாதாடுவார். ஆதாரம் எங்கே? கடை காலி.

இந்தக் கூத்து போதாதென்று நடுவில் ஒரு புரோக்கரையும் சேர்த்தோம். நீள முகவரியைக் குட்டியாக்கித் தரும் சேவைகள். 2002-ல் டைனியுஆர்எல், 2008-ல் பிட்லி. பிட்லியின் வாலில் இருக்கிற ‘எல்ஒய்’ லிபியா நாட்டின் குறியீடு. 2010-ல் அதே வால் கொண்ட வேறொரு சேவையை, உள்ளூர் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று லிபியா முடக்கியது. கூகுளின் குட்டி லிங்க் சேவை 2009-ல் பிறந்தது. 2019-ல் புது லிங்க் கொடுப்பதை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு பழைய லிங்க்குகளும் இயங்காது என்று அறிவிப்பு வந்தது. கூச்சல் கிளம்பியதும் புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். 2024 கடைசியில் யாரும் தொடாதவை அவுட். யாரும் எட்டிப் பார்க்காத லிங்க்தானே என்கிறீர்களா? ஃபைலில் இருக்கிற வவுச்சரையும் தினமும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆடிட் வரும்போதுதான் தேடுவார்கள்.

குட்டி லிங்க்கின் பெரிய பாவம் வேறு. முழு முகவரியைப் பார்த்தால் எந்தப் பத்திரிகை, எந்த வருடம், என்ன விஷயம் என்று ஓரளவு ஊகிக்கலாம். குட்டி லிங்க்கில் ஏழெட்டு எழுத்துகள் மட்டும். அது செத்தால் எதைத் தேடுவது என்றுகூடத் தெரியாது. வங்கிக் கணக்கைச் சுரண்டுகிறவர்களுக்கு அதன் மேல் இவ்வளவு பிரியம் இருப்பதும் சும்மா இல்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்குக் கோயில் கட்டலாம். 1996-லிருந்து பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேர்க்கிறது. 2025 அக்டோபரில் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. ஆனால், 2024 அக்டோபரில் அதன் மீதே தாக்குதல் நடந்து சில நாள் இழுத்து மூடவேண்டி வந்தது. ஊருக்கெல்லாம் ஒரே பீரோ என்றால் சாவி தொலைந்த அன்று ஊரே வாசலில் நிற்கும்.

நம் கையில் இருக்கிற வைத்தியம் காசு செலவில்லாதது. ஜர்னல் என்ட்ரி போட்டால் அடியில் ஒரு வரி நரேஷன் எழுத வேண்டும் என்று பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காக. லிங்க்குக்கும் அதே நரேஷனைப் போடுங்கள். யார் எழுதியது, எங்கே, எந்தத் தேதி, அதில் எந்த விஷயத்துக்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி. லிங்க் செத்தாலும் அந்த ஒரு வரியை வைத்து இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிக்கலாம். முக்கியமானது என்றால் பக்கத்தையே சேமித்து வையுங்கள், புஷ்ஷின் வில் அம்புக்காரர் மாதிரி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த ஒரு வரியை எழுத, அனுப்புகிறவர் முதலில் படித்தாக வேண்டும்.

மறுபடி யாராவது வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பி ‘ஆதாரம்’ என்றால் சண்டை போடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, ‘நரேஷன் எங்கே, சார்?’ என்று மட்டும் கேளுங்கள்.