'செம்மீன்' நாவலின் கடல்தொழிற் சொற்கள்: பெயர்ப்பு நோக்கில் சில கருத்துகள்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956இல் மலையாளத்தில் வெளிவந்தது. 1957இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் 1962இல் வெளிவந்தது. இந்நாவலைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் கற்பு, கடலம்மை, காதல் ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. கலம், கருவி, காற்று ஆகியவற்றின் பெயர்களைப் பின்புலச் சரக்காகக் கருதி ஒதுக்கிவிடுகின்றனர். அப்பெயர்களின்மீதே கதையின் கட்டமைப்பு நிற்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். மலையாளத்தில் 'செம்மீன்' என்பது இறால். தமிழாக்கம் மூலச் சொல்லை அப்படியே தலைப்பாக ஏற்றது. ஆனால் தமிழ் வாசகர் அதில் இறாலைக் கேட்பதில்லை. சிவந்த மீன் ஒன்றையே எண்ணுகிறார். பழந்தமிழிலோ அச்சொல் விண்ணுக்குரியது. பதிற்றுப்பத்தில் அது அருந்ததியைச் சுட்டும். புறநானூற்றின் 60ஆம் பாடல், நடுக்கடலில் திமிலில் எரியும் விளக்கைச் செம்மீனுக்கு உவமையாக்குகிறது. கணவன் கடலில் இருக்க மனைவியின் கற்பே அவனைக் காக்கும் என்ற நம்பிக்கையைப் பொருளாகக் கொண்ட நாவலுக்குத் தமிழில் அருந்ததியின் பெயர் வாய்த்தது தற்செயலே. 'இறால்' என்று பெயர்த்திருந்தால் பொருள் சரியாக இருந்திருக்கும், தலைப்பு செத்திருக்கும். இங்கே பெயர்க்காமல் விட்டதே நல்ல பெயர்ப்பு.

எல்லா இடத்திலும் இவ்வாறு விட்டுவிட இயலாது. 'வலக்காரன்' என்பதைப் பாருங்கள். தமிழில் 'வலைக்காரன்' என்றால் வலை வைத்திருக்கும் எவனும் ஆவான். நாவலிலோ அரயன், வலக்காரன், முக்குவன், மரக்கான் என்னும் பிரிவுகளுள் ஒன்று அது. வள்ளமும் வலையும் வாங்கும் உரிமை அப்பிரிவினருக்கே மரபில் உண்டு. அவ்வுரிமையில்லாத செம்பன்குஞ்ஞு அவற்றை வாங்க முனைவதிலிருந்துதான் பரீக்குட்டியிடம் பட்ட கடனும் மற்ற கேடுகளும் பிறக்கின்றன. இங்கு வடிவ ஒற்றுமை பெயர்ப்பாளருக்குத் துணையாவதற்கு மாறாகக் கண்ணியாகிறது. உறவுமொழிகளுக்கிடையே பெயர்ப்போர் பெரிதும் அஞ்ச வேண்டியது தெரியாத சொல்லை அன்று, தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லையே.

'வள்ளம்' தமிழுக்கும் உரியதே. எனினும் கட்டுமரத்தையே பார்த்துப் பழகிய சோழமண்டலக் கரை வாசகருக்கு இவ்வேறுபாட்டை உணர்த்தியாக வேண்டும். கட்டுமரம் என்பது மரங்களைப் பிணைத்த மிதவை, ஓரிருவரே செலுத்தலாம், உள்ளறை கிடையாது. (ஆங்கிலத்திற்குச் சென்ற இச்சொல் அங்கு இரட்டை உடற்படகைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆங்கில நூலில் அதனைக் கண்டதும் 'கட்டுமரம்' என்று திருப்பி எழுதுவோர் இன்றும் உளர்.) நாவலின் வள்ளமோ பலர் சேர்ந்து துழாவுவது, அமரத்தில் ஒருவன் நின்று பங்காயத்தால் நெறிப்படுத்துவது. அமரம் கலத்தின் பின்முனை, முன்முனை அணியம். அமரக்காரனைச் 'சுக்கான் பிடிப்பவன்' என்று பெயர்த்தால், பின்னே பொருத்திய சுக்கானுள்ள வேறொரு கலம் மனத்தில் தோன்றும். அமரம் ஓரிடம் மட்டுமன்று, ஒரு மதிப்பு. மனைவியைப் பற்றிய பேச்சு பரவியதும், உடன்தொழில் செய்வோர் பழனியோடு கடலேற அஞ்சுகின்றனர். அமரக்காரன் சிறு கலத்தில் தூண்டிலோடு தனியனாகிறான். வலைக்கு ஆள் கூட்டம் வேண்டும். தூண்டிலுக்கு ஒருவன் போதும். சுறாவின் பின்னே அவன் தனியே சென்றதற்கும் மீளாததற்கும் காரணம் இக்கருவி மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. வள்ளத்தையும் தோணியையும் 'படகு' என்ற ஒரே சொல்லால் பெயர்ப்பவர் இவ்வீழ்ச்சியை அழித்துவிடுகிறார்.

'சாகர' இன்னும் கடினமானது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆலப்புழைக் கரையோரத்தில் அடிச்சேறு கலங்கி நீரில் மிதந்து அலைகளை அடக்கும். மற்ற இடங்களில் கடல் கொந்தளிக்க, அங்கு மட்டும் குளம்போல் அமைதி நிலவும். மீனும் இறாலும் திரளும். பிற கரைகளின் வள்ளங்கள் அங்கே வந்து சேரும். ஆக, இது இடமும் காலமும் சந்தையும் சேர்ந்த ஒரு சொல். திருக்குன்னப்புழைப் பழனி நீர்க்குன்னத்துக்கு வந்தது சாகரைக்காகவே. 'நல்ல மீன்பாடு' என்று பெயர்த்தால் அவன் வந்த காரணமே மறைந்துவிடும். எழுத்துப்பெயர்ப்பிலும் இடர் உண்டு: தமிழர் இதனைச் 'சாகரம்' என்னும் வடசொல்லின் திரிபாக வாசிக்கக்கூடும். முதல் வருகையில் ஒரு தொடரால் விளக்கி, பின் சொல்லை அப்படியே ஆள்வதே தக்கது.

திசைச் சொற்கள் நுட்பமானவை. கிழக்கு என்பதில் 'கீழ்' இருப்பதை வைத்து, நிலம் கிழக்கே உயரும் மலையாள நாட்டிலும் அச்சொல் வழங்குவதைக் கால்டுவெல் முன்பே சுட்டியிருக்கிறார். கடல்தொழிலில் இதன் விளைவு பெரிது. அங்கே கடல் மேற்கு. சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கு. நமக்குக் கொண்டல் கடலிலிருந்து வருவது, அவர்களுக்குக் கரையிலிருந்து வருவது. நம் இலக்கியத்தில் மேல்காற்றாகிய கோடை வறட்சிக்குரியது; அங்கு மேல்காற்றே மழை கொணர்வது. காற்றுப் பெயர்களை அகராதி பார்த்து ஒன்றுக்கொன்று நிகராக வைத்தால் திசை சரியாக அமையும். மீனவர் மனத்தில் அது எழுப்பும் நம்பிக்கையோ அச்சமோ தலைகீழாகும். கச்சான், வாடை, நீவாடு போன்ற வழக்குகள் கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கரைகளில் உள்ளன. அவற்றை ஆளும்போதும் கதை எந்தக் கரையில் நிகழ்கிறது என்பதைப் பெயர்ப்பாளர் மறத்தலாகாது.

இவ்வளவு கூறியபின் மூலத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தகழி குட்டநாட்டு உழவுச் சூழலில் வளர்ந்தவர். அவர் கடலைக் கரையில் நின்றே நோக்குகிறார் என்பது என் கணிப்பு. கடன், உலர்மீன் வாணிகம், கரையோரப் பேச்சு ஆகியன வரும்போது நடை உறுதியாக இருக்கிறது. கடலுக்குள் செல்லும்போது உருவகம் மிகுகிறது. கரையடையாளங்களை நேர்கோட்டில் நிறுத்திப் பாரின் இருப்பிடம் கணிக்கும் மீனவர் அறிவு போன்றவற்றைத் தேடுவோர் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) முதலிய பின்வந்த தமிழ் நாவல்களுக்கே செல்ல வேண்டும். அந்நாவல்களை மலையாளத்தில் பெயர்ப்போர்க்கு இதே சிக்கல்கள் எதிர்த்திசையில் வரும். வள்ளம், அமரம், அணியம் எளிதில் செல்லும், கட்டுமரமும் கொண்டலும் இடறும்.