அப்டேட் யாருடைய பொறுப்பு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் பழுது பார்க்கப்படுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். அதே ஊர்களின் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அப்படி ஓர் ஓய்வுக்காலம் கிடையாது. தங்கும் விடுதி, மீன் ஏற்றுமதி நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், ஆடிட்டர் அலுவலகம் என எதுவானாலும் ஐந்திலிருந்து பதினைந்து கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் என்பதே அமைப்பு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பழுதும் பார்த்தாக வேண்டும், அதாவது அப்டேட் போட்டாக வேண்டும். இதற்கு வழக்கத்தில் இருப்பவை இரண்டு முறைகள்: அப்டேட்டை அடியோடு நிறுத்திவைப்பது, அல்லது வருவது வரட்டும் என்று விட்டுவிடுவது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இரண்டிலும் பெரிய ஓட்டையும் உண்டு.

நிறுத்திவைப்பவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தை அமாவாசை விடியலில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கு வந்த கூட்டம் விடுதி வாசலில் அறைக்காக நிற்கிறது. ‘கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்று திரை அரை மணி நேரம் அசையாமல் நின்றால் வரவேற்பு மேசையில் இருப்பவர் என்ன செய்வார்? பராமரிப்பு மின்தடையும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்புகளும், பேட்டரி தளர்ந்த யூபிஎஸ்ஸும் உள்ள இடத்தில் அப்டேட் பாதியில் கரண்ட் போனால், கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பாமலே போகலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் பழைய கணக்கு மென்பொருளும் புதிய பதிப்பில் ஒத்துழைக்குமா என்ற அச்சம் வேறு. வெளியில் சொல்லப்படாத இன்னொரு காரணம், உரிமம் வாங்காமல் போட்ட விண்டோஸ். அப்டேட் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதற்காகவே பல இடங்களில் அது முடக்கப்படுகிறது. இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் நியாயமாக ஏற்க முடியாது.

அச்சத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தியது. சிறு அலுவலகத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2021-ஆம் ஆண்டினுடையது. விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்த ஓட்டைகளை அடைக்க அந்த ஆண்டு அடுத்தடுத்து அப்டேட்கள் வந்தன. செப்டம்பர் மாத அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் பிரிண்டர்கள் பல அலுவலகங்களில் வேலை செய்யவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிப் பலர் அச்சிட வைத்தார்கள். அந்த மாற்றம், அப்டேட் கொண்டுவந்த பாதுகாப்பையே ரத்துசெய்தது. பாதுகாப்பா, இன்றைய வேலையா என்ற கேள்வியில் சிறு அலுவலகம் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறது.

அந்தத் தேர்வின் விலையை 2017 காட்டியது. விண்டோஸின் ஃபைல் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியாகிவிட்டது. மே 12 அன்று வானாக்ரை என்ற ரேன்சம்வேர் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அதாவது மருந்து கையில் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதமாகப் போடப்படவில்லை. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, நெட்வொர்க் வழியாக அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. பில் ஃபோல்டரை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பத்துக் கம்ப்யூட்டர் அலுவலகம் அதற்கு மிகவும் தோதான இடம். தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் மாநில அரசின் பொதுத் துறை அலுவலகக் கம்ப்யூட்டர்கள் ரேன்சம்வேரால் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கிரிப்டோ பணமாகக் கேட்கப்பட்டது. ராமேஸ்வரம் விடுதிகளின் கம்ப்யூட்டர்களில் யாத்திரிகர்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் கடமை, பூட்டுச் சாவியைக் காக்கும் கடமையை விடச் சிறியதல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் தானியங்கியாக விட்டுவிடலாமா? மைக்ரோசாஃப்டின் மாதாந்திரத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகின்றன; நம் நேரப்படி அப்போது நள்ளிரவு நெருங்கிவிடும் என்பதால், இங்கே வேலைக்குக் குறுக்கே வருவது புதன்கிழமைதான். யாரையும் கேட்காமல், யாருடைய நினைவையும் நம்பாமல் நடப்பது இம்முறையின் பெரும் பலம். வீட்டில் இருக்கும் ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பத்துக் கம்ப்யூட்டரும் ஒரே நாளில் மாறினால், தவறு வரும்போது பத்தும் ஒன்றாகவே விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கிவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதினார்கள். முடங்கியவற்றுள் பெரும்பகுதியை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் பெரிதும் குறைந்திருக்கும்.

இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்தால் கிடைப்பது, முதலில் ஒன்று, பிறகு மற்றவை என்ற முறை. விண்டோஸின் புரோ பதிப்பில் மாதாந்திரத் திருத்தங்களை 30 நாள் வரை தள்ளிவைக்கலாம். ஹோம் பதிப்பில் 35 நாள் வரை நிறுத்திவைக்கலாம். புதன்கிழமை ஒரு கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டு, ஒரு வாரம் கவனித்து, அடுத்த புதன் மற்றவற்றுக்குப் போடலாம். ஒன்று இறக்கியதை மற்றவை உள் நெட்வொர்க்கிலேயே பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருப்பதால் இணையச் செலவும் மிச்சம். ஆனால் முதல் கம்ப்யூட்டராக, முதலாளி அறையில் சும்மா இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சோதனையே வீண். பில் போடுவது, அச்சிடுவது, டோக்கனில் கையொப்பமிடுவது எல்லாம் நடக்கும் கம்ப்யூட்டராக அது இருக்க வேண்டும். ஒரு வாரம் காத்திருப்பது தாக்குபவருக்குக் கொடுக்கும் ஒரு வார அவகாசம் என்பது இம்முறையின் உண்மையான குறை. எனவே மைக்ரோசாஃப்டே வழக்கமான நாளுக்கு வெளியே அவசரமாக வெளியிடும் திருத்தத்தை, சோதனைக் கம்ப்யூட்டரில் போட்ட அன்றே மற்றவற்றிலும் போட்டுவிட வேண்டும். பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடவே கூடாது. எந்த அப்டேட்டுக்கு முன்பும் தனி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இணைத்தே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டும்.

அப்டேட்டே வராத கம்ப்யூட்டர்கள் தனிச் சிக்கல். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்த 2014-இல் தமிழக அரசு தன் துறைகளை மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறச் சொன்னது. திசை சரியானதே. கடிதம், இணையம், மின்னஞ்சல் மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் இன்றும் நல்ல மாற்று. டேலி கணக்கு மென்பொருளும் கையொப்ப டோக்கனும் ஓடும் கம்ப்யூட்டருக்கு அது எளிய மாற்று அல்ல. அங்கே புதிய கம்ப்யூட்டர் வாங்குவதே நேர்மையான பதில்.

முதலில் ஒன்று, பிறகு மற்றவை என்ற முறை தானாக நடக்காது என்பதுதான் என் முடிவு. நிறுத்திவைப்பதும் தானியங்கியாக விடுவதும் மேலுக்கு எதிரெதிரானவை. உள்ளே இரண்டும் ஒன்றே. இரண்டிலும் யாருக்கும் பொறுப்பில்லை. நான் பார்த்தவரை சிறு அலுவலகங்களின் ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தங்கள் கெட்டுப்போனதைச் சரிசெய்வதைத்தான் பேசுகின்றன. ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் வரும் தம்பி கீபோர்டு மாற்றுகிறார், வைரஸ் எடுக்கிறார். மாதம் ஒருமுறை அப்டேட் பார்ப்பது அவருடைய வேலை என்று யாரும் எழுதித் தரவில்லை, அதற்குக் கூலியும் தரவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: அப்டேட் எந்தக் கம்ப்யூட்டரில் முதலில், மற்றவற்றில் எந்த நாளில், பேக்கப்பைத் திறந்து பார்த்தது யார். தேதியோடு ஒரு நோட்டில் கையெழுத்தும் இருக்கட்டும். அந்தச் சில மணி நேர வேலைக்கு முதலாளி மனமுவந்து பணம் தரும்போதுதான், பொறுப்பு ஒருவருடைய பெயரில் வந்து சேரும்.