சாம்பல் பூசிய எஞ்சின்

காதர்பேட்டையில் செகண்ட்ஸ் குவியலுக்குள் கை விட்டபோது ஒரு குழந்தைப் பனியன் அகப்பட்டது. நெஞ்சில் நீராவி எஞ்சின். ஏதோ பழைய புகைப்படத்தை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். "எக்ஸ்போர்ட் சரக்குங்க, ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு. துணியப் பாருங்க, படத்துல என்னங்க இருக்குது" என்றார் கடைக்காரர். நான் படத்தைத்தான் பார்த்தேன். எஞ்சினைச் சுற்றித் தரை இல்லை, வானம் இல்லை, ஆள் இல்லை.

இந்த இல்லாமை பிரிண்டிங் பட்டறையில் நேர்ந்ததல்ல. இவ்வகைப் படங்கள் பிறந்ததே அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலைக்காக ஜேம்ஸ் மட் எஞ்சின்களைப் படமெடுத்தார். அன்றைய கண்ணாடி நெகடிவ் நீலத்தை வெளுப்பாக்கும், சிவப்பையும் பச்சையையும் இருட்டாக்கும். ஆகவே படம் பிடிப்பதற்கென்றே எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசுகிற வழக்கம் வந்தது. ஒவ்வொரு ரிவெட்டும் தெரிய வேண்டும். பின்னணியை நெகடிவிலேயே மை தடவி மறைத்துவிடலாம். படம் எடுத்தானதும் அசல் வண்ணம் அடித்து அனுப்புவார்கள். ஆவணம் என்று நாம் நம்புகிற படத்தில் இருப்பது, அந்த நிறத்தில் எந்தத் தண்டவாளத்திலும் ஓடாத ஒரு எஞ்சின். நீண்ட நேரம் லென்ஸ் திறந்திருந்த காலம் அது. அசையாமல் நின்றவன் பதிவானான், வேலை செய்துகொண்டிருந்தவன் வெறும் கறையானான்.

பொறியியலை வாசிக்க இந்தப் படங்கள் உதவும், மறுக்கவில்லை. 1855இல் லீட்ஸில் செய்து இந்தியாவுக்கு வந்த ஃபேரி குயின் படத்தைப் பாருங்கள். ஓட்டும் சக்கரம் ஒரே ஜோடி, மற்றவை பாரம் தாங்க மட்டும். பெரிய சக்கரம் என்பதால் வேகம் கிடைக்கும். ஆனால் எடையில் ஒரு பங்கு மட்டுமே அந்த ஜோடிமேல் இறங்குவதால் கனத்த சரக்கை இழுக்கும்போது பிடிப்பு போதாது, சக்கரம் வழுக்கும். தண்ணீர்த் தொட்டிக்குக் கொதிகலனுக்குக் கீழே இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் கரி தள்ளுகிறவன் தலைக்குமேல் ஒரு கூரைக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1இல் ரயில் ஓடியது. 1862இல் அது திருப்பூரைத் தாண்டி பேப்பூர் வரை போய்விட்டது. ரயில் நவீனத் தொழிலைக் கொண்டுவரும் என்று மார்க்ஸ் 1853இல் எழுதியதை நம் தோழர்கள் மறக்காமல் சொல்வார்கள். பருத்தியை மலிவாக எடுத்துப்போகத்தான் ஆலை முதலாளிகள் ரயில் போடுகிறார்கள் என்று அதே கட்டுரையில் அவர் எழுதியதை மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வரிசைப் படங்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. விலா எலும்பு துருத்திய குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்திருக்கிறார். பஞ்சம் வந்தபோது ரயில் இருந்தது. அதே ரயிலில்தான் தானியம் விலை கூடின இடத்துக்கும் துறைமுகத்துக்கும் போனது. எஞ்சினுக்கு நம்பர் உண்டு, செய்த கம்பெனி, ஆண்டு, சக்கரத்தின் அளவு எல்லாம் உண்டு. ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர்கூட இல்லை. கேமரா ஒன்றேதான். அதற்கு எது தனி உடல், எது வெறும் கும்பல் என்கிற தீர்மானம் லென்ஸுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச்சூட்டில் செத்த ஐந்து தொழிலாளிகளை ரயில் ஆர்வலர்களின் ஆல்பங்களில் தேடுவது வீண்வேலை.

பழைய ரயில் படம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு ஏக்கம் பொங்குகிறது. எனக்கும்தான். ஆனால் திருப்பூர்க்காரனுக்கு அந்தச் சாம்பல் எஞ்சின் அந்நியமான விஷயமல்ல. இங்கே கேட்லாக்கில் வருகிற பனியனைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பின்னணி, கழுத்து உப்பியிருக்கும், தலை இருக்காது. கட்டிங், பவர்டேபிள், கைமடி, செக்கிங் என்று அது கடந்துவந்த கைகள் எதுவும் இருக்காது. காதர்பேட்டைக்கு வருகிறபோது கம்பெனி லேபிளையும் கத்தரித்துவிடுகிறார்கள்.

பனியனைத் திருப்பிப் பார்த்தேன். ஆர்டர் கேன்சல் எல்லாம் இல்லை. விலாப் பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஓவர்லாக் தையல் விட்டிருந்தது. ராத்திரி ஷிப்டில் யாருக்கோ கண் செருகியிருக்கலாம், இல்லை நூல் அறுந்திருக்கலாம். காட்டினேன். கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.