ஏழாவது ஆள்

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கலாமா என்று யோசித்து, வேண்டாமென விட்டுவிட்டேன். உமறுப் புலவர் முற்றாக்காமல் விட்ட சீறாப்புராணத்தைத் தொடர்ந்து பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வைப் பாடினார். முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் தொடர்வது நமக்குப் பழகிய விடயம். பின்னவருக்கு அதில் எவ்வளவு உரிமை என்பதும் பழைய கேள்விதான். அந்தக் கேள்வியின் ஒரு சிறு கிளையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்ட ஒரு கற்பனைக் கதைக்குள் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி?

ஹட்டனில் எங்கள் கடையின் மேல்மாடியில் என் மூத்த சகோதரியின் மகன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தான். ‘பால்டர்ஸ் கேட்’ ஐந்து சீடிகளாக அவனிடம் வந்து சேர்ந்தது. 1998இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும். சேமித்து வைக்காத பயணமெல்லாம் அதோடு போகும். அவன் விளையாடுவான், நான் பக்கத்திலிருந்து வாசிப்பேன். வாசிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். திரையில் அவ்வளவு எழுத்து.

நூலகக் கோட்டை ஒன்றில் வளர்ந்த அநாதை, வளர்ப்புத் தந்தை கொல்லப்பட்டபின் வெளியுலகுக்கு வருகிறான். வழியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய இருபத்தைந்து பேர் ஆங்காங்கே இருக்கிறார்கள். தோழர் என்ற சொல்லுக்கு நம்மிடையே தனிக் கனம் உண்டு. ஆகவே இவர்களைக் கூட்டாளிகள் என்கிறேன், எங்கள் ஊர்ப் பேச்சும் அதுவே. கதாநாயகனையும் சேர்த்து ஆறு பேருக்கு மேல் கூட்டத்தில் இடமில்லை. ஏழாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமாயின் இருப்பவரில் ஒருவரை அனுப்பியாக வேண்டும். இது இயந்திரத்தின் வரம்பு. ஆனால் ஒரு கதாசிரியனுக்கு இதைவிடக் கடுமையான ஆசானை நான் கண்டதில்லை.

2000இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் இவர்கள் தமக்குள் தாராளமாகப் பேசத் தொடங்கினார்கள். தான் காவல் காத்த பெண்ணை இழந்த மின்ஸ்க், சிறகு வெட்டப்பட்ட ஏரீயைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்கிறான். கெல்டோர்ன் என்ற அறவீரனும் விகோனியாவும் ஒரே கூட்டத்தில் இருந்தால் வாள் உருவப்படும் வரை போகலாம். ஜான் ஜேன்சன் எந்தத் துக்கத்துக்கு நடுவிலும் கிழங்குக் கதை சொல்வான். நாம் இல்லாதபோதும் இவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற மயக்கத்தை இந்தப் பேச்சுக்கள் உண்டாக்கின.

இந்தக் கூட்டத்துக்குள் பின்னால் வந்தவர்களை எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்துக்கு 1999இல் வந்த விரிவாக்கம் புதிய கூட்டாளி எவரையும் தரவில்லை. இரண்டாம் பாகத்துக்கு 2001இல் வந்த ‘த்ரோன் ஒஃப் பால்’ ஒரே ஒருவரைத் தந்தது: சரவோக். முதல் பாகத்தில் வளர்ப்புத் தந்தையைக் கொன்றவனும், நம் கையால் மாண்டவனும், ஒரு வகையில் நமக்குச் சகோதரனுமான அதே சரவோக். அவன் மீண்டும் உயிர்பெற நம் ஆத்மாவில் ஒரு துண்டைக் கொடுக்க வேண்டும். அவனைச் சேர்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, பழைய ரத்தமும் இருக்கிறது. அவனை அறிமுகப்படுத்த எழுத்தாளர் சிரமப்படவே இல்லை. நமக்கு ஏற்கனவே அவன்மேல் வெறுப்பு இருந்தது.

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. வெஸ்லி வைமர் என்பவர் விளையாட்டின் உரையாடல் கோப்புகளைத் திறந்து எழுத உதவும் ‘வைடு’ என்ற கருவியை உருவாக்கினார். இரண்டாம் பாகத்தில் சிறு பாத்திரமாக வந்துபோகும் சோலாஃபைனை அவரே முழுக் கூட்டாளியாக ஆக்கினார். ஓரத்தில் நின்றவன் நடுவுக்கு வந்தான். அதன்பின் உலகமெங்கும் ரசிகர்கள் ஆளுக்கொரு கூட்டாளியை எழுதினார்கள். பெரும்பாலானவை சுமாரானவை. அழகி, அரசகுமாரி, அநாதை, மூன்றும் ஒருத்தியே.

2012இல் பீம்டொக் நிறுவனம் முதல் பாகத்தைப் புதுப்பித்து நீரா, ரசாத், டோர்ன் மூவரையும் சேர்த்தது. எழுத்துத் திறன் இல்லையென்று சொல்லமாட்டேன். எனினும் மூவரும் தத்தம் சோகத்தையும் தத்தம் தனி நிலப்பரப்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். கதாநாயகனிடம் நிறையப் பேசினார்கள், பக்கத்தில் நடக்கும் பழையவர்களிடம் குறைவாக. கலியாண வீட்டில் மாப்பிள்ளையோடு மட்டும் கதைத்துவிட்டுப் போகும் விருந்தாளி மாதிரி.

2016இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘சீஜ் ஒஃப் ட்ராகன்ஸ்பியர்’ என்னை அதிகம் உறுத்திய பிரதி. இரு பாகங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்பும் விரிவாக்கம் அது. கோர்வின், க்ளிண்ட், வோகில்ன், ம்கீன் என நால்வர் புதியவர்கள். இவர்களில் ம்கீன் ஒரு கொப்ளின் இனத்துப் பெண். இந்த வகை விளையாட்டுகளில் கொப்ளின் என்றால் தொடக்கத்திலேயே வெட்டிச் சாய்க்கப்படும் பெயரில்லாக் கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்திக்குப் பெயரும் குரலும் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் 2000இல் எழுதப்பட்ட அடுத்த பாகம் மாறவில்லை. அங்கே ஜஹீரா இருக்கிறாள், மின்ஸ்க் இருக்கிறான், இமோயன் இருக்கிறாள். ம்கீனைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. படைத்தலைவி கோர்வினுக்காவது கடைசிப் பகுதியில் ஒரு பங்கு கிடைக்கிறது. மற்றவர்களின் விடைபெறல் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். சேர்ந்து போரிட்டவர்கள் ஒரு சீடியிலிருந்து மறு சீடிக்குப் போகும்போது உதிர்ந்துவிடுகிறார்கள்.

இது ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதைச் சொல்ல வாப்பாவின் கடன் கொப்பிக்குப் போக வேண்டும். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என எழுதப்பட்டது. 1970களில் எங்கள் கடைக்குக் கொழுந்துக் காசோடு வந்தவர்கள் பலர் தலைமன்னார்க் கப்பலுக்குப் போனார்கள். கொப்பியில் அவர்களின் கணக்கு அடித்து முடிக்கப்பட்டிருக்கிறது, சில முடிக்கப்படாமலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காம்பராவுக்குப் புதிதாக வந்தவர்களை வாப்பா தன் கையெழுத்தில் ‘மேஸ்திரி காம்பராவில் இருப்பவர்’ என்றே பல வருடம் எழுதிவந்தார். மேஸ்திரி போய் எவ்வளவோ காலம். அவர் பெயரால்தான் சீனியும் மாவும் கொடுபட்டன. போனவர் மற்றவர்களின் பேச்சில் தங்கியிருப்பதற்கு இதைவிட நல்ல உரையாடல் கோப்பை நான் வாசித்ததில்லை. ட்ராகன்ஸ்பியரில் எனக்குக் கிடைக்காமல் போனதும் இந்த ஒரு வரிதான்.

மலையகக் கதைகளில் கடைக்கார நானாவும் இப்படி வந்துபோகிற கூட்டாளிதான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கடன் தருவார், வட்டிலப்பம் தருவார், கதை முடியுமுன் காணாமல் போவார். அதை எழுதியவர்கள்மேல் மட்டும் பழிபோட முடியாது. அவரை நாமும் எழுதவில்லை.

மருமகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். போன வருடம், பழைய விளையாட்டுக்கு ஒரு கூட்டாளியை எழுதியிருக்கிறேன் மாமா, பாருங்கள் என்று ஆங்கிலத்தில் முப்பது பக்கம் அனுப்பினான். மலைத் தோட்டத்துப் பெண், மூலிகை தெரிந்தவள். முதல் சந்திப்பிலேயே பாட்டன் கப்பலேறியது முதல் லயத்துக் கூரை ஒழுகுவது வரை சொல்லிவிடுகிறாள். எங்கள் கடைப் படியில் நின்ற எந்தப் பெண்ணும் இப்படிப் பேசியதில்லை, முதலில் கருவாடு என்ன விலை என்றுதான் கேட்பார்கள் என்றேன். கோபித்துக்கொண்டான். அவள் போய்விட்டால் ஜஹீரா என்ன செய்வாள் என்பதை முதலில் எழுது என்றும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காட்சி மட்டும் வந்தது. இராத்திரிக் காவல் முறையைப் பிரிக்கும்போது ஜஹீரா பழக்கத்தில் மூன்றாம் சாமத்துக்கு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பிறகு தானே அந்தச் சாமத்தை எடுத்துக்கொள்கிறாள். மின்ஸ்க் ஒன்றும் கேட்கவில்லை. இதை விளையாட்டுக்குள் எந்த இடத்தில் ஏற்றுவது என்று அவன் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறான்.