ஒரு மில்லிமீட்டர் செங்கல்

பொம்மை ரயில் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வட்டமாக ஒரு தண்டவாளம், சாவி கொடுத்தால் நாலு சுற்று சுற்றிவிட்டுக் கட்டில் காலில் முட்டிக் கவிழும் இன்ஜின். இந்த வாரம் அந்த ரயிலைப் பற்றிப் பேசப்போவதில்லை. அது ஓடுகிற ஊரைப் பற்றி.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாடல் ரயில் கட்டுகிறவர்கள் ஒரு தனி ஜாதி. பெரும்பாலும் வயது வந்தவர்கள். தண்டவாளத்தைச் சுற்றி மலை, ஆறு, ஸ்டேஷன், சர்ச், கொடியில் காயும் துணி வரை அத்தனையும் செய்வார்கள். கம்பி வலையை வளைத்து பிளாஸ்டர் பூசினால் மலை. சாயம் தோய்த்த மரத்தூள் புல். நம் வீட்டுக் கொலுவில் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகு முளைவிட்டு வயல் போடுகிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணனுக்குப் பிடிவாதம் அதிகம். இருபது வருஷம், முப்பது வருஷம் ஒரே கிராமத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்.

பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு இது கலைதான் என்று படுகிறது. கலை என்றால் விமரிசனத்துக்குத் தப்ப முடியாது. நாவலாசிரியரைக் கேட்கும் கேள்விகளை இவர்களையும் கேட்கலாம். இது நிஜமா? யாருடைய நிஜம்? எதை விட்டுவிட்டீர்கள்?

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னதுதான். பிரிட்டனில் பிரபலமான அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 76ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் 24 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். ஒன்பது அங்குலச் செங்கல் 3 மில்லிமீட்டர் நீளம், உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பூசிய சுண்ணாம்பு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதைக்கூட வரைகிறார்கள் ஐயா!

இவ்வளவு துல்லியம் பார்க்கிறவர்கள் ரயிலிலேயே ஒரு பொய் வைத்திருப்பது வேடிக்கை. நிஜ ரயில் பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். 4 மில்லிமீட்டர் கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் விற்பது 16.5. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சின்னவை. அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியே தொடர்கிறது. மனசு கேட்காதவர்கள் தாங்களே சரியான பாதை போட்டுக்கொள்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று: சில இடங்களில் துல்லியமாகச் செய்தால் பொய்யாகத் தெரியும். மாடல் ஆற்றில் நிஜத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பக்கெட் மாதிரி இருக்கும். தண்ணீரை 76ல் ஒரு பங்காகச் சுருக்க முடியாது. அதன் துளியும் அலையும் நம் சைஸிலேயே இருக்கும். அதனால் வார்னிஷையோ ரெசினையோ ஊற்றி உறைய வைக்கிறார்கள். கறுப்பும் அப்படித்தான். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் நமக்குச் சற்று வெளுத்துத் தெரியும். மாடலில் நிஜ இன்ஜினின் அதே கறுப்பைப் பூசினால் அது பொம்மையாகிவிடும். 20 மீட்டர் மரத்தைக் கணக்குப்படி செய்தால் 26 சென்டிமீட்டர் உயரம் வந்து ஸ்டேஷனையே முழுங்கிவிடும். பல பேர் மரத்தைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். ஆக, நிஜமாகத் தெரிவதற்கு எங்கே பொய் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் லண்டன்காரர் ஜான் அஹெர்ன். அதற்குமுன் பலருக்கு சீனரி என்றால் ரயிலுக்குப் பின்னால் ஒட்டிய திரைச்சீலை. அஹெர்ன் தன் 'மேடர் வேலி' ரயில்வேயில் அதைத் தலைகீழாக்கினார். ஊர்தான் பிரதானம், ரயில் அதன் வழியே போகிறது, அவ்வளவே. ஊரே கற்பனை. ஆனால் வளைந்த கூரை, சாய்ந்த சுவர், அழுக்கு எல்லாம் எங்கேயோ பார்த்தவை. கட்டடம் செய்வது எப்படி, நிலக்காட்சி செய்வது எப்படி என்று அவர் எழுதிய புத்தகங்கள் இந்தத் துறையின் அரிச்சுவடி.

அமெரிக்காவில் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊர்க்காரர், தொழில்முறை போட்டோகிராபர். அவருடைய மலைகள் தரையிலிருந்து கூரை வரை எழும். கண்ணாடிகளை ஒளித்துவைத்து, தூரத்துப் பொருள்களைச் சின்னதாக்கி, ஓர் அறைக்குள் பல மைல் ஆழத்தைக் காட்டினார். புது வண்டிக்குத் துருவும் கரியும் பூசிப் பழசாக்கும் வித்தையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். தன் ரயில்வேக்கு 'கோரி அண்ட் டெஃபீட்டட்' என்று உச்சரிக்கும் விதமாகப் பெயர் வைத்தார். 'ரத்தக்களரி, படுதோல்வி' என்று அர்த்தம். இத்தனை தத்ரூபத்துக்கு நடுவே, யார்டில் வண்டிகளை இழுக்க ஒரு டைனோசரை வேறு நிறுத்தியிருந்தார்! எனக்கு ஆலனிடம் பிடித்தது இதுதான். 'நம்பாதே, இது விளையாட்டு' என்று கண் சிமிட்டுகிறார். 1973 ஜனவரியில் இறந்துபோனார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தீப்பிடித்து அந்த உலகமும் அழிந்தது. மிஞ்சியது அவர் எடுத்த போட்டோக்கள்.

மூன்றாவது ஆசாமி கண் சிமிட்டவே இல்லை. ராய் இங்கிலண்ட், பெயர்தான் இங்கிலண்ட், பிறந்தது ஆஸ்திரேலியா. 1925ல் இங்கிலாந்து போனார். 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்று ஒரு பிரதேசம். குன்றின் சுண்ணாம்புத் தரையில் ஆதிகாலத்தில் யாரோ பிரம்மாண்டமாக ஒரு குதிரை உருவம் வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் கூரை வேய்ந்த வீடுகளைப் பார்த்து மயங்கிப்போனார். அவை ஒவ்வொன்றாக மாறுவதையும் இடிபடுவதையும் பார்த்துக் கலங்கினார். தடுக்க அவரிடம் பணமோ அதிகாரமோ இல்லை. வீடுகளை அளந்து, அட்டையில் 76ல் ஒரு பங்காகக் கட்ட ஆரம்பித்தார். சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் அட்டையில் கீறி, வாட்டர் கலரில் தனித்தனியே நிறம் கொடுப்பது அவர்கள் முறை. தோட்டத்தில் முட்டைக்கோஸும் உண்டு. 1954ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டென்ஹாம் கிராமத்தில் பெண்டன் மியூசியம் பிறந்தது. 1995ல் அவர் காலமானார். தன்னார்வலர்கள் வேலையைத் தொடர்கிறார்கள். அஹெர்னின் மேடர் வேலியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

பெண்டனின் படங்களைப் பார்த்தால் கொஞ்ச நேரத்துக்கு அது மாடல் என்பதே மறந்துவிடும். இந்தக் கலையின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். சொல்லிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்பேன்.

ஒன்று: வீடுகள் நிஜம், கிராமம் கற்பனை. வெவ்வேறு ஊர்களில் இருந்த வீடுகளைக் கூட்டிவந்து 'பெண்டன் பார்வா' என்ற இல்லாத ஊரில் குடியேற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, கதை மட்டும் இட்டுக்கட்டியது என்பதுபோல. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எல்லா நல்ல நாவலும் இப்படித்தான். ஆனால் பொறுக்கும்போது அழகானதையே பொறுக்கத் தோன்றும்.

இரண்டாவதுதான் உறுத்துகிறது. 1920, 30களில் இங்கிலாந்து விவசாயம் நொடித்துக் கிடந்தது. ஓலைக்கூரை அத்தனை காலம் நீடித்ததற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை, மாற்றக் காசில்லாததும்தான். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்ணுக்குக் குழாயும் ஒழுகாத கூரையும் வந்தபோது அவள் அழுதிருக்க மாட்டாள். ராய் இங்கிலண்ட் எதைப் பார்த்துக் கலங்கினாரோ அதுவே அவளுக்கு விடுதலை. கோடைகால வெயிலில் நிற்கும் அட்டை வீட்டில் ஈரச் சுவர் நாற்றம் இல்லை, பிள்ளையின் இருமல் இல்லை. இவற்றையெல்லாம் 76ல் ஒரு பங்காகச் சுருக்க முடியாது என்பீர்கள். சரிதான். ஆனால் பார்க்கிற நாம் அவற்றை நினைத்துக்கொள்ளலாமே!

எதிர்முனையில் ஹாம்பர்க். 2001ல் இரட்டைச் சகோதரர்கள் ஃபிரெட்ரிக், கெரிட் பிரவுன் இருவரும் ஒரு பழைய கிடங்கில் திறந்த 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்'. 87ல் ஒரு பங்கு. உலகத்திலேயே பெரிய மாடல் ரயில் என்று கின்னஸ் பட்டம், இரண்டு லட்சத்துக்கு மேல் குட்டி மனிதர்கள். கால் மணிக்கு ஒரு தரம் பகல் போய் இரவு வந்து லட்சக்கணக்கில் விளக்கு எரியும். 2011லிருந்து விமானம்கூட ஓடுபாதையில் ஓடி மேலே எழும்புகிறது. பட்டனை அமுக்கினால் ஏதாவது ஒன்று நகரும். ஜனங்கள் குவிவதில் ஆச்சரியமில்லை.

குறை என்னவென்றால் அங்கே சும்மா இருக்கும் இடமே இல்லை. ஒவ்வொரு சாண் நிலத்திலும் ஒரு விபத்து, ஒரு ஜோக், ஒரு திருட்டுக் காதல். நிஜ ஊரில் பாதிக்கு மேல் ஒன்றுமே நடக்காத இடம்தான். பெண்டனில் அந்த அமைதி இருக்கிறது. இங்கே அடுத்த பட்டன் எங்கே என்று கண் தேடுகிறது. ஆனாலும் பெண்டன் செய்யாத ஒன்றை இவர்கள் செய்தார்கள். சுவரால் பிரிக்கப்பட்ட ஒரு நகரத்தின் வரலாற்றைச் சின்னச் சின்னக் காட்சிகளாகக் கட்டினார்கள். பொம்மையை வைத்து சங்கடமானதையும் சொல்லலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

என் தீர்ப்பைக் கேட்டால், வேடிக்கை பார்க்க ஹாம்பர்க். வியக்க ஆலன். திரும்பத் திரும்பப் பார்க்க பெண்டன். காரணம், அதில் ஒரு மனிதரின் துக்கம் இருக்கிறது. அவர் அளந்த வீடுகளில் சில இன்று இல்லை. அட்டையில் மட்டும் இருக்கின்றன. பாதி உண்மையைக் காப்பாற்றினார் என்று குறை சொன்னேன். மீதிப் பாதியைக் காப்பாற்ற யாரும் அளவு நாடாவோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு பழைய வீடு இடிபடக் காத்திருக்கும். அட்டையில் கட்டப் பொறுமை இல்லாவிட்டால் பரவாயில்லை, நாலு பக்கமும் போட்டோவாவது எடுத்துவையுங்கள். திண்ணையும் தூணும் மட்டும் போதாது. எதிரே குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களையும் சேர்த்து.